கலவரக்காரர்கள் மீது வழக்கு: வாஷிங்டன் தொடுப்பதா, மாநிலம் தொடுப்பதா?

2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற சில மணி நேரத்தில் டொனால்ட் டிரம்ப் போட்ட கையெழுத்தில் ஏறக்குறைய 1,500 பேரின் வழக்குகள் முடிந்துபோயின. 2021 ஜனவரி 6-ல், டிரம்பின் தேர்தல் தோல்வி உறுதியாவதைத் தடுக்க கேப்பிட்டல் என்ற நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தவர்கள், போலீஸ்காரர்களை அடித்தவர்கள், முன்கூட்டியே ஆள் சேர்த்துத் திட்டம் போட்டவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். 22 ஆண்டு தண்டனை பெற்றிருந்த, ப்ரௌட் பாய்ஸ் என்ற தீவிர வலதுசாரி அமைப்பின் தலைவர் என்ரிக்கே டாரியோவுக்கு முழு மன்னிப்பு. 18 ஆண்டு பெற்றிருந்த, அதே வகை அமைப்பான ஓத் கீப்பர்ஸின் தலைவர் ஸ்டூவர்ட் ரோட்ஸ் உட்பட 14 பேருக்கு மன்னிப்பு இல்லை, தண்டனைக் குறைப்பு மட்டும். ஆனால் சிறைக்கதவு அவர்களுக்கும் திறந்துவிட்டது. அமெரிக்க நீதித்துறை (நீதிமன்றம் அல்ல, வழக்குத் தொடுக்கும் மத்திய அமைச்சகம்) தன் வரலாற்றிலேயே பெரியது என்று சொல்லிக்கொண்ட விசாரணையின் நாலு வருட உழைப்பு ஒரே மாலையில் கலைந்தது.

மிச்சிகன் மாநிலத்தில் வேறொரு கூட்டம் இருக்கிறது. ஆளுநர் கிரெச்சன் விட்மரைக் கடத்தத் திட்டமிட்டவர்களுக்குத் துணை நின்றதாக 2022-ல் மாநில நீதிமன்றம் மூன்று பேருக்குத் தண்டனை கொடுத்தது. அதிபரின் மன்னிப்பு ஃபெடரல், அதாவது மத்திய அரசின், குற்றங்களுக்கு மட்டும்தான் என்பதால் அவர்களுக்கு எந்த அதிபரும் மன்னிப்பு வழங்க முடியாது. அதே சதியில் ஃபெடரல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற இரண்டு தலைவர்களைப் பற்றி, மன்னிக்கலாமா என்று பார்ப்பதாக 2025 மே மாதம் டிரம்ப் சொன்னார். ஒரே சதி, இரண்டு நீதிமன்றங்கள், இரண்டு தலைவிதிகள்.

அரசியல் வன்முறையோ சதியோ நடந்தபின் ஒரு மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் (தலைமை அரசு வழக்கறிஞர்) முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. வாஷிங்டன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடலாம், தானே வழக்குத் தொடுக்கலாம், அல்லது இருவருமே தொடுக்கலாம். எது நல்லது என்பதைப் பார்ப்பதற்கு முன் அடிப்படை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் சிபிஐ பிடித்தாலும் மாநில போலீஸ் பிடித்தாலும் தண்டனைச் சட்டம் ஒன்றுதான், நீதிமன்ற ஏணியும் ஒன்றுதான். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனி இறையாண்மை. அதற்கென்று தனிக் குற்றவியல் சட்டம், தனி நீதிமன்றம், தனிச் சிறை. ஒரே செயல் இரண்டு சட்டங்களையும் மீறினால் இரண்டு அரசுகளும் தனித்தனியே வழக்குப் போடலாம். ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரணை கூடாது என்ற அரசியலமைப்புப் பாதுகாப்பு இதைத் தடுக்காது. 2019-ல் கேம்பிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் இந்த விதியை மறுபடி உறுதி செய்தது.

ஃபெடரல் பக்கத்தின் பலம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 50 மாநிலங்களிலும் கால் வைத்திருக்கும் எஃப்பிஐ, ஆயிரக்கணக்கான மணி நேர வீடியோவைச் சலித்தெடுக்க ஆட்கள், டெக்சாஸில் ஒருவனையும் ஃப்ளோரிடாவில் ஒருவனையும் ஒரே வாரத்தில் கைது செய்து ஒரே நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் அதிகாரம். எந்த மாநிலத்தாலும் இதைச் செய்ய முடியாது. பரோல் 1980-களிலேயே ஒழிக்கப்பட்டுவிட்டதால், ஃபெடரல் நீதிபதி 18 வருடம் என்றால் நன்னடத்தைக் கழிவு போக ஏறக்குறைய அவ்வளவும் உள்ளேதான். அரசைப் பலவந்தமாக எதிர்க்கச் சதி செய்ததற்கு 20 ஆண்டு வரை தண்டனை தரும் பழைய சட்டப்பிரிவு ஒன்று உண்டு. பெரும்பாலும் தூசி படிந்தே கிடந்த அதை நீதித்துறை ஓத் கீப்பர்ஸ், ப்ரௌட் பாய்ஸ் வழக்குகளில் கையில் எடுத்தது. அந்தக் குற்றச்சாட்டில் மட்டும் விசாரணை மூலம் பத்துப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

பலவீனம் மன்னிப்பு அதிகாரம் மட்டும் என்றால் பரவாயில்லை. கூட்டத்தோடு உள்ளே புகுந்தவர்களுக்குப் பொருந்தும் சட்டம் எது என்பதிலேயே சிக்கல் வந்தது. என்ரான் நிறுவன ஊழலுக்குப் பிறகு, ஆவணங்களை அழிப்பவர்களைப் பிடிக்க 2002-ல் எழுதிய ஒரு பிரிவை, தேர்தல் வாக்கு எண்ணிக்கைக்கு இடையூறு செய்தவர்கள் மீது நீதித்துறை போட்டது. சுமார் 350 பேர் மீது. 2024 ஜூனில் ஃபிஷர் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தப் பிரிவு இவ்வளவு தூரம் நீளாது என்று சொல்லிவிட்டது. ஃபெடரல் சட்டத்தில் சாதாரண அடிதடிக்கும் கொலைக்கும் பெரும்பாலும் இடமில்லை. அவை மாநிலத்தின் வேலை. அதனால் ஃபெடரல் வழக்கறிஞர் எப்போதும் ஏதாவது ஒரு கொக்கியைத் தேட வேண்டியிருக்கிறது. அந்தக் கொக்கி சில நேரம் வளைந்துவிடுகிறது.

அப்புறம் இடம். ஜனவரி 6 நடந்தது வாஷிங்டன் டி.சி.யில். அது மாநிலம் கிடையாது. அங்கே உள்ளூர்ச் சட்டப்படியான பெரிய குற்றங்களையும் ஃபெடரல் வழக்கறிஞர்தான் நடத்துகிறார், அவற்றையும் அதிபரே மன்னிக்கலாம். "ஏன் மாநில வழக்கு போடவில்லை?" என்று இப்போது கேட்பவர்கள் மறப்பது இதைத்தான். கட்டடத்துக்குள் புகுந்த கும்பலைப் பொறுத்தவரை தேர்ந்தெடுக்க இரண்டாவது வழியே இருக்கவில்லை. ஓத் கீப்பர்ஸ் துப்பாக்கிகளைச் சேர்த்து வைத்திருந்த ஹோட்டல் ஆற்றுக்கு அந்தப்பக்கம் வர்ஜினியாவின் ஆர்லிங்டனில் இருந்தது உண்மை. வர்ஜினியா வழக்குப் போடலாமே என்று சிலர் சொன்னார்கள். ஆனால் அங்கே வேறொரு பூட்டு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சதிகாரர்கள் விஷயம் இப்படி அல்ல. 2020 தேர்தலில் டிரம்ப் தோற்ற மாநிலங்களில், தாங்களே முறையான தேர்வாளர்கள் (மாநிலத்தின் சார்பில் அதிபருக்கு வாக்களிப்பவர்கள்) என்று கையெழுத்திட்டுச் சான்றிதழ் அனுப்பியவர்கள் அந்தந்த மாநிலத் தலைநகரில் உட்கார்ந்து அதைச் செய்தார்கள். அதைத் திட்டமிட்ட வழக்கறிஞர்களின் தொலைபேசி அழைப்புகள் அந்த மாநில அதிகாரிகளுக்குப் போயின. ஃபெடரல் தரப்பில் சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித் 2023 ஆகஸ்ட் 1-ல் டிரம்ப் மீது மட்டும் குற்றப்பத்திரிகை கொடுத்தார். கூட்டுச் சதிகாரர்கள் ஆறு பேர் பெயர் சொல்லாமல், குற்றம் சாட்டப்படாமல் விடப்பட்டார்கள். 2024 ஜூலையில், அதிபர் பதவியில் இருந்து செய்த அலுவல் செயல்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து பெருமளவு விலக்கு உண்டு என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நவம்பரில் தேர்தல் முடிவு வந்தது. பதவியில் இருக்கும் அதிபர் மீது வழக்கு நடத்துவதில்லை என்ற நீதித்துறைக் கொள்கைப்படி, நவம்பர் 25-ல் வழக்கே போனது. ஓராண்டு கழித்து, 2025 நவம்பரில், தன் முன்னாள் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி, வெள்ளை மாளிகையில் தன் தலைமை அதிகாரியாக இருந்த மார்க் மெடோஸ் உள்ளிட்ட 77 பேருக்கு அதிபர் மன்னிப்பு அறிவித்தார். அவர்கள் மீது அப்போது இருந்தவை மாநில வழக்குகள்தான். ஆகவே அந்த மன்னிப்புக்கு நடைமுறையில் வேலை ஏதும் இருக்கவில்லை. மாநில வழியின் முழு ஈர்ப்பும் அங்கே இருக்கிறது.

சரி, அந்த மாநில வழக்குகள் என்ன ஆயின?

ஜார்ஜியாவைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் காகிதத்தில் அதைவிடப் பலமான மாநில வழக்கு இருந்திருக்க முடியாது. தான் ஜெயிக்கத் தேவையான வாக்குகளைக் கண்டுபிடிக்கும்படி டிரம்ப் மாநில அதிகாரியிடம் கேட்ட தொலைபேசி உரையாடல் பதிவாகவே இருந்தது. அந்த மாநிலத்தில் ஆளுநருக்குக்கூட மன்னிக்கும் அதிகாரம் கிடையாது. தனி வாரியம் ஒன்று இருக்கிறது, அதுவும் தண்டனையை முடித்து ஐந்து ஆண்டு கழித்துத்தான் மன்னிப்பைப் பரிசீலிக்கும். 2023 ஆகஸ்ட் 14-ல் ஃபுல்டன் கவுண்டி மாவட்ட வழக்கறிஞர் ஃபானி வில்லிஸ் டிரம்ப் உட்பட 19 பேர் மீது, மாஃபியா கும்பல்களுக்காக எழுதப்பட்ட ரிக்கோ வகைச் சட்டத்தில் ஒரே வழக்காகப் போட்டார். சில மாதங்களில் நாலு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். சிட்னி பவல், கென்னத் செஸ்ப்ரோ, ஜென்னா எல்லிஸ் என்று மூன்று வழக்கறிஞர்கள் அதில் இருந்தார்கள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

2024 ஜனவரியில், வழக்கு நடத்தத் தான் அமர்த்திய சிறப்பு வழக்கறிஞரோடு வில்லிஸுக்குத் தனிப்பட்ட உறவு இருந்தது என்ற விவகாரம் வெளியானது. பிறகு அந்த வழக்கில் டிரம்ப் என்ன செய்தார் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வில்லிஸை நீக்கியது. 2025 செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. வழக்கை எடுத்துக்கொள்ள வேறு மாவட்ட வழக்கறிஞர் கிடைக்காமல், அந்தப் பொறுப்பிலிருந்த அமைப்பின் தலைவர் பீட் ஸ்கண்டலாகிஸ் தானே ஏற்றார். நவம்பர் 26-ல் அதைக் கைவிட்டார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்றுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது: இந்தச் சதி உருவானது ஜார்ஜியாவில் அல்ல, வாஷிங்டனில், இதற்குப் பொருத்தமான இடம் ஃபெடரல் அரசு. அவர் அதை எழுதியபோது ஃபெடரல் வழக்கு இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

இதில் வில்லிஸின் தனிப்பட்ட தவறை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. மாவட்ட வழக்கறிஞர் என்பவர் தேர்தலில் நின்று ஜெயிப்பவர். அவருக்குப் பிரச்சாரம் உண்டு, நிதி திரட்டல் உண்டு, உள்ளூர் எதிரிகள் உண்டு. அவருடைய அலுவலகம் தினசரி கொலை, கொள்ளை வழக்குகளால் நிறைந்து வழிவது. 19 பேர், ஒவ்வொருவருக்கும் தனி வழக்கறிஞர் படை, ஒவ்வொரு மனுவுக்கும் மேல்முறையீடு என்று வந்தால் அந்த அலுவலகம் தாங்காது. ஒருவர் விழுந்தால் தூக்கிப் பிடிக்கப் பின்னால் யாரும் இல்லை. வழக்கறிஞர் தகுதியிழந்து வழக்கும் தள்ளுபடியானால் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தங்கள் வக்கீல் செலவைத் திருப்பிக் கேட்கலாம் என்று 2025-ல் ஜார்ஜியா ஒரு சட்டமும் இயற்றியது. அடுத்து இப்படி ஒரு வழக்கைத் தொட நினைக்கும் மாவட்ட வழக்கறிஞர் அந்தக் கணக்கையும் போட வேண்டும்.

மற்ற மாநிலங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மிச்சிகனில் போலித் தேர்வாளர்கள் 15 பேர் மீதான வழக்கை 2025 செப்டம்பரில் நீதிபதி தள்ளினார். ஏமாற்றும் நோக்கம் நிரூபிக்கப்படவில்லை, தேர்தலில் கோளாறு என்று அவர்கள் உண்மையாகவே நம்பியிருக்கலாம் என்பது அவர் பார்வை. நெவாடாவில் ஆறு பேர் மீதான வழக்கு, கையெழுத்து நடந்தது கார்சன் சிட்டியில், வழக்குப் போட்டது லாஸ் வேகாஸில் என்ற காரணத்தால் 2024-ல் விழுந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பி எழுப்பியது. அரிசோனாவில், குற்றம் சாட்டலாமா என்று முடிவெடுக்கும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரிக்குச் சட்டத்தின் வாசகத்தை முழுமையாகக் காட்டவில்லை என்று 2025-ல் வழக்கை முதல் படிக்கே அனுப்பினார் நீதிபதி. அதிபரின் மன்னிப்பு எட்டாத இடம் என்பதற்காக அது பத்திரமான இடம் ஆகிவிடாது.

மறுபக்கம் கொலராடோ. மேசா கவுண்டியின் முன்னாள் எழுத்தர் டினா பீட்டர்ஸ், வாக்கு இயந்திரத் தகவல்களை வெளியாட்கள் எடுக்க வழி செய்ததற்காக 2024-ல் மாநில நீதிமன்றத்தில் ஒன்பது ஆண்டு தண்டனை பெற்றார். 2025 டிசம்பரில் அதிபர் அவரை மன்னித்ததாக அறிவித்தார். மாநிலக் குற்றத்தில் அதிபருக்கு அதிகாரமில்லை என்று ஆளுநர் பதில் சொன்னார். அறிவிப்பு வந்ததால் மட்டும் சிறை திறக்கவில்லை. ஒரு குற்றவாளி, உள்ளூரிலேயே நடந்த ஒரு செயல், அந்த ஊர் மாவட்ட வழக்கறிஞர், அந்த ஊர் ஜூரி. ஜார்ஜியாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்த அளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு வழிகளையும் ஒரே சதியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விட்மர் வழக்கைப் போல வேறு வாய்ப்பு இல்லை. 2020 அக்டோபரில் 14 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. கடத்தல் சதியின் மையத்தில் இருந்த ஆறு பேர் ஃபெடரல் நீதிமன்றத்துக்கு. பயிற்சி கொடுத்தவர்கள், வேவு பார்க்கப் போனவர்கள் என்று எட்டுப் பேர் மாநில நீதிமன்றத்துக்கு. ஃபெடரல் பக்கம் இருவர் ஒப்புக்கொண்டார்கள். 2022 ஏப்ரலில் முதல் விசாரணையில் இருவர் விடுதலை, தலைவர்கள் இருவர் விஷயத்தில் ஜூரிக்குள் ஒற்றுமை வரவில்லை. எஃப்பிஐ உளவாளிகள்தான் தூண்டிவிட்டார்கள் என்ற வாதம் எடுபட்டது. ஆகஸ்டில் மறுவிசாரணையில்தான் ஆடம் ஃபாக்ஸ், பேரி க்ராஃப்ட் இருவரும் சிக்கினார்கள். 16 ஆண்டு, 19 ஆண்டு 7 மாதம். மாநிலப் பக்கம் ஜாக்சன் கவுண்டியில் மூன்று பேரும் குற்றவாளிகள். பயங்கரவாதச் செயலுக்குப் பொருளுதவி என்ற மாநிலச் சட்டப் பிரிவு அங்கே நன்றாக வேலை செய்தது. ஆனால் வடக்கே ஆன்ட்ரிம் கவுண்டியில், இருவர் ஒப்புக்கொண்டபின் மீதி மூன்று பேரையும் 2023 செப்டம்பரில் ஜூரி விடுவித்தது.

ஒரு மாநிலத்துக்குள்ளேயே கவுண்டிக்குக் கவுண்டி முடிவு மாறுகிறது. ஃபெடரல் ஜூரி பல கவுண்டிகளிலிருந்து எடுக்கப்படுவதால் இந்த ஏற்ற இறக்கம் கொஞ்சம் குறையும், ஒழிந்துவிடாது. அதனால் ஜூரியை மட்டும் வைத்து வழியைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை.

மாநிலத்தை ரொம்பப் புகழ்ந்தாலும் ஆபத்து. 1964-ல் மிசிசிப்பியில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக வேலை செய்த மூன்று இளைஞர்களை கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவாதக் கும்பல் கொன்றது. உள்ளூர் போலீஸ் அதிகாரியே அதில் கூட்டு. மாநிலம் கொலை வழக்குப் போட மறுத்தது. வேறு வழியில்லாமல் ஃபெடரல் அரசு, குடிமக்களின் உரிமைகளைப் பறிக்கச் சதி என்ற பழைய சட்டத்தில் 18 பேரை நிறுத்தியது. 1967-ல் ஏழு பேருக்கு மூன்று முதல் பத்து ஆண்டுத் தண்டனை. மாநிலம் முதல் முறையாக ஒருவர் மேல் அந்தக் கொலைகளுக்காக வழக்குப் போட்டு வென்றது 2005-ல், 41 ஆண்டு கழித்து. அப்போது எட்கர் ரே கில்லனுக்கு 60 ஆண்டு; 2018-ல் சிறையிலேயே இறந்தார். மன்னிப்புக்கு எட்டாத மாநிலம் என்பது, வழக்குப் போட மனமில்லாத மாநிலமாகவும் இருக்கலாம். 2020-ல் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்டில் இது வேறு முகத்தோடு வந்தது: போராட்ட வழக்குகளில் பலவற்றை எடுப்பதில்லை என்று உள்ளூர் மாவட்ட வழக்கறிஞர் அறிவித்ததும், மாநில போலீஸாரை ஃபெடரல் அதிகாரிகளாக நியமித்து, அவர்களைத் தாக்குவதை ஃபெடரல் குற்றமாக்கினார்கள். ஆட்சி யாருடையது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு தரப்பும் தனக்கு வசதியான நீதிமன்றத்தைத்தான் புகழ்கிறது.

என் கருத்தைக் கேட்டால், செயலையும் இடத்தையும் வைத்து முடிவெடுக்க வேண்டும். பல மாநிலங்களிலிருந்து திரண்ட கும்பல், ஃபெடரல் கட்டடம், ஆயிரம் பேர் என்றால் வாஷிங்டனைத் தவிர வேறு யாராலும் முடியாது. மன்னிப்பு ஆபத்தோடு சேர்த்தே அதை ஏற்க வேண்டியதுதான். அந்த மாநில மண்ணிலேயே ஒருவர் செய்த, அந்த மாநிலச் சட்டத்திலேயே பெயருள்ள குற்றம் என்றால் மாநிலம் காத்திருக்கக் கூடாது. ஃபெடரல் வழக்கு நடக்கிறதே, நமக்கு எதற்கு என்ற சோம்பல்தான் பின்னால் வருத்தமாக முடிகிறது. ஆனால் அந்த வழக்கு சிறியதாக இருக்க வேண்டும். 19 பேரைக் கட்டி இழுக்கும் ரிக்கோ மாலையை விட, 2024-ல் விஸ்கான்சின் செய்ததைப் போல திட்டமிட்ட மூவர் மீது மட்டும் போலி ஆவண வழக்குப் போடுவது நல்ல தொடக்கம்.

இருவரும் தொடுப்பது என்ற மூன்றாவது வழிக்கு வர்ஜினியாவின் சார்லட்ஸ்வில் நகரம் நல்ல உதாரணம். 2017-ல் வெள்ளை இனவாதிகளின் ஊர்வலத்தின்போது கூட்டத்துக்குள் காரை ஓட்டி ஒரு பெண்ணைக் கொன்றவனுக்கு 2018 டிசம்பரில் வர்ஜினியா ஜூரி கொலைத் தீர்ப்புக் கொடுத்தது. 2019 மார்ச்சில் 29 ஃபெடரல் வெறுப்புக் குற்றங்களை அவன் ஒப்புக்கொண்டான். இரண்டு பக்கமும் ஆயுள் தண்டனை. அவனை ஓர் அதிபர் மன்னித்தாலும் வெளியே வரமாட்டான். இதில் வரிசை முக்கியம். நான் முன்பு சொன்ன பூட்டு இதுதான்: ஒரே செயலுக்கு ஃபெடரல் வழக்கு நடந்துவிட்டால் மாநில வழக்குக்கு அது தடை என்று வர்ஜினியா சட்டமே சொல்கிறது. அரசியலமைப்பு அனுமதிப்பதை மாநிலம் தானே மறுத்துக்கொள்கிறது. ஆர்லிங்டன் ஹோட்டல் யோசனை முட்டிக்கொள்ளும் இடம் இது. நியூயார்க்கிலும் இப்படி ஒரு தடை இருந்தது. டிரம்பின் முன்னாள் பிரச்சாரத் தலைவர் பால் மானஃபோர்ட் மீதான மான்ஹாட்டன் வழக்கு 2019 டிசம்பரில் அதில்தான் விழுந்தது. அதற்குச் சற்று முன்புதான், அதிபரிடம் மன்னிப்புப் பெறும் அவருடைய நெருங்கியவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு வைத்து அந்தச் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள்; மானஃபோர்ட் வழக்கை அது காப்பாற்றவில்லை. அட்டர்னி ஜெனரல் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது ஆதாரக் கோப்பை அல்ல, தன் மாநிலத்தின் இந்தச் சட்டத்தை. தடை இருந்தால் மாநிலம் முந்திக்கொள்ள வேண்டும்.

கால அளவும் வேறுபடும். ஃபெடரல் குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஐந்து ஆண்டுக் கெடு. வர்ஜினியாவில் பெரிய குற்றங்களுக்குக் கெடுவே இல்லை. சார்லட்ஸ்வில்லில் தீப்பந்தம் ஏந்தி மிரட்டியவர்கள் மீது, எரியும் பொருளைக் காட்டி அச்சுறுத்துவதைத் தடை செய்யும் மாநிலச் சட்டத்தில் 2023-ல்தான் வழக்குகள் வெளியாயின. சிலர் ஒப்புக்கொண்டார்கள், ஒரு விசாரணையில் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. நேரம் இருக்கிறது என்று ஆற அமரச் செய்யலாம் என நினைக்கத் தோன்றும். ஆனால் ஆதாரம் காத்திருக்காது. ஃபெடரல் அதிகாரிகள் மாநில நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல அவர்கள் துறையின் அனுமதி வேண்டும். 1951-ல் வந்த டூஹி தீர்ப்பிலிருந்து இதுதான் நடைமுறை. மிச்சிகன் மாநில வழக்கே எஃப்பிஐயின் உளவாளி கூண்டில் ஏறிச் சொன்னதை நம்பித்தான் நின்றது. வாஷிங்டனில் ஆட்சி மாறிய பிறகு அந்த அனுமதியைக் கேட்டுப் போனால் என்ன பதில் கிடைக்கும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கூட்டு விசாரணை நடக்கும்போதே வாக்குமூலங்கள், போன் பதிவுகள், வீடியோக்களின் பிரதியை மாநிலம் தன் நீதிமன்ற ஆணை மூலம் வாங்கித் தன் அலமாரியில் வைத்துவிட வேண்டும். மாநில வழக்குப் போடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை என்றாலும்கூட.